தலைவர் வண்டி

ரங்கசாமி செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய ஜீப்பு மட்டும் தினமும் விடியலில் ஐஸ் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போய், இறால் ஏற்றிக்கொண்டு கவரைப்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் முதலாளி ரங்கசாமி. ஓட்டுவதும், டீசல் போடுவதும், மல்லாக்கப் படுத்து கிரீஸ் வைப்பதும் தணிகாசலம். ஊருக்கெல்லாம் இது தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. அதுவரைக்கும் எல்லாருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அந்த ஜீப்புக்கு ஒரு வம்சாவளி உண்டு. கால்வாய் வெட்டுவதற்காக நிலம் அளக்கும் இலாகாவுக்குத்தான் அது முதலில் வந்தது. கால்வாயில் தண்ணீர் வருவதற்குள் ஜீப்பு கிழடாகிவிட்டது என்று ஏலம் விட்டார்கள். பொன்னேரியில் ரைஸ்மில் வைத்திருந்தவர் எடுத்துத் தவிட்டு மூட்டை ஏற்றினார். பிறகு மகள் கல்யாணத்தில் அதைக் கழுவி, மாலை போட்டு, மருமகனுக்குச் சீராகக் கொடுத்தார். கார் வரும் என்று நினைத்திருந்த மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு செங்கல் சூளைக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டான். சூளைக்காரரிடமிருந்து ஊராட்சித் தலைவர் ரங்கசாமி வாங்கினார். கை மாறும்போதெல்லாம் ஏதோ ஒன்று கழன்று, வேறொன்று ஏறியது. இலாகாவின் வண்டியில் இன்றைக்கு மிச்சமிருப்பது சேஸிஸும் நம்பரும்தான். எஞ்சின் காலாவதியான ஒரு வேனுடையது. சீட்டு ஷேர் ஆட்டோவுடையது. ஆரன் லாரியுடையது. இடது பக்கக் கதவு என்பது ஒரு கயிறு.

ரங்கசாமி தன் பங்குக்கு முன்கண்ணாடியின் மேல்பக்கம் சிவப்புப் பெயிண்டில் 'தலைவர்' என்று எழுதினார். ஜீப்பில் அவர் செய்த ஒரே ரிப்பேர் அது.

தணிகாசலம் அவருக்கு டிரைவராக இருந்தான். அவனுக்கு ஹைவே ஓரத்தில் முப்பது சென்ட் நெல் வயல் இருந்தது. அதற்குப் பின்னால் ரங்கசாமியின் பதினாறு ஏக்கர் இருந்தது. அவருடைய நிலத்துக்கு ரோட்டிலிருந்து வழி வேண்டுமென்றால் இவன் வயல் வழியாகத்தான். ஒருநாள் ஜீப்பில் போகும்போது ரங்கசாமி சொன்னார்: "தணிகா, அந்தத் துண்டு வயல்ல நீ இன்னாத்த அறுக்கப் போற. அத்த எனக்குக் குட்த்துரு. இந்த வண்டிய நீ எட்துக்கோ. ராஜா மாரி இருப்ப."

காலையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் வயல் கைமாறியது. இரண்டு சாட்சிகள், பெருவிரல் ரேகை, போட்டோ, முத்திரைத்தாள் என்று ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஜீப்பு கைமாறியது. ரங்கசாமி சாவியைத் தூக்கிப் போட்டார், தணிகாசலம் பிடித்துக்கொண்டான். பத்திரம் அவ்வளவுதான்.

"பேர மாத்துய்யா," என்று அவன் மனைவி சின்னப்பொண்ணு அன்றைக்கே சொன்னாள். பிறகு வருஷத்துக்கு நாலு தடவையாவது சொன்னாள்.

"உனக்குத் தெரியாதுமே," என்பான் தணிகாசலம். "ஜங்ஷன்ல போலீஸ்காரன் கைய நீட்றான். தணிகாசலம் வண்டின்னு சொன்னா நிறுத்தி இன்சூரன்சு கீதா, பொகை சர்ட்டிவிகேட் கீதான்னு கேப்பான். தலைவர் வண்டின்னா கைய கீழ வுட்டுடுவான். இந்தப் பேர இன்னாத்துக்கு மாத்தணும்?"

அதில் உண்மை இருந்தது. தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி கேட்டிலும், எந்தச் சாவடியிலும் வேகத்தைக் கூடக் குறைக்காமல் "தலைவர் வண்டி" என்பான். கம்பு தூக்கிக்கொள்ளும். ரங்கசாமி செத்த பிறகும் தூக்கிக்கொண்டது. எந்தத் தலைவர், இருக்கிறாரா செத்தாரா என்று கேட்க ஒரு காவலாளிக்கும் தைரியம் வருவதில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும். ஆக, செத்த பிறகு ரங்கசாமி இரண்டு முறை கையெழுத்துப் போட்டார். முதல் தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் அன்புசெல்வன் போட்டுக்கொடுத்தான். இரண்டாம் தடவை அவனுக்குக் கை சுளுக்கியிருந்தது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தணிகாசலத்தின் மகள் நர்மதா பழைய தாளைப் பார்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, 'ப. ரங்கசாமி' என்று போட்டாள். ரங்கசாமி உயிரோடிருந்தபோது போட்டதை விட அது நன்றாக இருந்தது.

*

ஐப்பசியில் ஒரு நாள். ராத்திரி பெய்த மழையில் ஏரிக்கரை சேறாகிக் கிடந்தது. குப்பத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்காகத்தான் தணிகாசலத்துக்குப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வேறெந்த வண்டியும் அதில் இறங்காது.

எறா வியாபாரம் பண்ணும் ஈஸ்வரி டிரேக்களை அடுக்கி வைத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் செருகி நின்றிருந்தாள்.

"இன்னாண்ணா, இவ்ளோ லேட்டு. எறா செத்து நாறிடும்."

"கேட்டு போட்டுட்டான் ஈஸ்வரி. கூட்ஸு. பொட்டி வந்துக்கினே கீது, வந்துக்கினே கீது."

"போலீசுகிட்ட தலைவர் வண்டின்னு சொல்றல்ல. ரயிலுகிட்ட சொல்றதுதான."

"சொன்னேன். ஓட்றவன் ஆந்திராக்காரன். நம்ம தலைவர அவனுக்குத் தெரியில."

ஈஸ்வரி சிரித்துக்கொண்டே ஐஸ் பாரைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்தாள். எறா மேல் ஒரு கை ஐஸ், அதன் மேல் எறா, மறுபடி ஐஸ். பதினெட்டு டிரே ஏறியதும் ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. தணிகாசலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்து, ஸ்டார்டர் மோட்டாரின் தலையில் இரண்டு தட்டு தட்டினான். இரண்டுதான். மூன்று தட்டினால் கோபித்துக்கொள்ளும். வண்டி இருமிவிட்டு உயிர் பெற்றது. பெரிய கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டைக் கம்பியை இழுத்தான். முன் சக்கரங்களும் வேலைக்கு வந்தன. சேறு இரண்டு பக்கமும் பீச்ச, சினைமாடு மேடேறுவது போல ஜீப்பு அசைந்து அசைந்து போனது.

"வெள்ளத்துல எங்க குப்பத்தையே இதுல தான ஏத்தினு போன," என்றாள் பின்னால் தொற்றிக்கொண்டிருந்த ஈஸ்வரி. "புள்ளத்தாச்சி ஒருத்தி, ஆடு மூணு, எங்க மாமியாரு. மாமியார மட்டும் வுட்டுட்டு வந்திருக்கலாம்."

"ஏழு தபா வந்தேன். எட்டாவது தபா ஆட்டுக்கு."

பத்து மணிக்கு வேலை முடித்து வீட்டுக்கு வந்தான். கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ரங்கசாமியின் மகன் முரளி இறங்கினான். சென்னையில் இருப்பவன்; அப்பாவின் பதினாறு ஏக்கரை மனையாகப் போடுவதற்காக இப்போது அடிக்கடி வந்துபோகிறான். நெல் விளைந்த இடத்துக்கு 'ரங்கசாமி ஹெரிடேஜ் என்க்ளேவ்' என்று பேர் வைத்திருந்தான்.

முரளி வீட்டுக்குள் வரவில்லை. ஜீப்பைச் சுற்றி வந்தான். துரு ஓட்டை விழுந்த மட்கார்டைத் தடவினான்.

"என்ன ஒரு பீஸு. தணிகாண்ணா, இந்தத் துரு இருக்கு பாருங்க, இதுதான் கேரக்டர். இத டச் பண்ணவே கூடாது."

"அப்டின்னா எங்க ஊட்டுக் கூரத் தகரம் பூரா கேரக்டருதான் சார்," என்றாள் சின்னப்பொண்ணு. "மழை பேஞ்சா கேரக்டரு வயியா ஒழுவுது."

முரளி பெரிய மனதோடு சிரித்தான். "அப்பாவோட வண்டி. சின்ன வயசுல இதுல உக்காந்து காடு மேடெல்லாம் சுத்தியிருக்கேன்."

அவன் ஒரே ஒரு தடவைதான் அதில் ஏறியிருக்கிறான். எட்டு வயதில். வாந்தி எடுத்தான். கழுவியவன் தணிகாசலம்.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்குண்ணா?"

"தலைவரு பேர்லதான் கீது சின்னவரே," என்றான் தணிகாசலம். களிக் கையை மடக்கிக்கொண்டு, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு கேட்டிலும் சொன்ன பதில். இந்த கேட் வேறு என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அதான் பார்த்தேன். நல்லா வச்சுருந்தீங்க இவ்வளவு நாளா. ரொம்ப தேங்க்ஸ்." முரளி காரின் பின் சீட்டிலிருந்து ஒரு ஸ்வீட் பெட்டியை எடுத்து நீட்டினான். "நம்ம லேஅவுட் ஆர்ச்சுக்குப் பக்கத்துல மேடை கட்டி, மேல இத நிறுத்தப் போறேன். லைட் எல்லாம் போட்டு. வர்ற வெள்ளிக்கிழமை திறப்பு. ஆள் அனுப்பறேன்."

கார் போன பிறகுதான் அவன் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது. தணிகாசலம் களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் ஜீப்பின் பக்கத்தில் நின்றான்.

சின்னப்பொண்ணு ஸ்வீட் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "முந்திரிக் கேக்கு," என்றாள். "நல்லா வச்சுருந்தியாம். வூட்டு வேலைக்காரிக்கு சொல்ற மாரி சொல்ட்டுப் போறான்."

*

தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நர்மதாவுக்கு வேலை. நாலு வருஷமாக ஒப்பந்தக் கூலி. முதல் ஷிப்டு முடிந்து மூன்றரைக்கு வந்தவள் கதையைக் கேட்டுவிட்டுப் பையைக் கூட இறக்கவில்லை.

"நைனா, இதுல பேஜாராவ இன்னா கீது. ஸ்டேஷன்ல போய் எய்திக் குடு. வயலக் குட்த்தேன், வண்டிய வாங்கினேன்னு. ஊரே சாட்சி சொல்லும்."

"ஊரா?" என்றாள் சின்னப்பொண்ணு. "ஊர்ல பாதிப் பேரு அவனாண்ட பிளாட்டுக்கு ஆள் புடிச்சிக் குடுக்குறானுங்க. மீதிப் பேரு அந்த வேல கெடைக்கலியேன்னு கீறானுங்க."

"வயலு பத்திரத்துல வண்டின்னு எய்தல," என்றான் தணிகாசலம். "பணம் வாங்கிக்கினேன்னு எய்தியிருக்குது. அப்ப அப்டிதான் எய்தச் சொன்னாரு."

"நீ படிச்சிப் பாக்கலியா?"

"தலைவரு எய்தினத போயி படிச்சிப் பாப்பாங்களா?"

சின்னப்பொண்ணு முறத்தை எடுத்துக்கொண்டு நெத்திலியின் தலையைக் கிள்ள ஆரம்பித்தாள். "பத்தொம்போது வருசமா ஒரே பாட்டு பாடினேன். பேர மாத்து, பேர மாத்து. இந்தாளுக்குப் போலீஸ்காரன் சலாம் போடணும். சலாம் யாருக்குப் போட்டான்? கண்ணாடில எய்தின பேருக்குப் போட்டான். அதுக்குக் கீய குந்திக்கினு நீ வாங்கிக்கின."

தணிகாசலம் முறத்திலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினான்.

மறுநாள் புரோக்கர் அன்புசெல்வன் பைக்கில் வந்து, "சின்னவரு உன்னப் பாக்கணும்னாரு, சொம்மா பேசத்தான்," என்று கூட்டிப்போனான். மனையின் ஆபீஸ் ஒரு கண்டெய்னரில் இருந்தது. உள்ளே ஏசி ஓடியது. சுவரில் ரங்கசாமியின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் வைத்து அவருடைய முகத்திலிருந்து அம்மைத் தழும்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"உக்காருங்கண்ணா," என்றான் முரளி. "டீ சொல்லட்டுமா?"

"சின்னவரே, வயலுக்குத்தான் வண்டி. தலைவரு வாயாலச் சொல்லிக் குட்த்தாரு."

"இல்லேன்னு சொல்லலையே. அப்பா பெரிய மனசுக்காரர். ஓட்டிக்கோன்னு குடுத்திருப்பார்." முரளி மேஜையிலிருந்து இரண்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்துத் திருப்பி வைத்தான். "அன்பு ஃபைல்ல இருந்து எடுத்துக் குடுத்தான். இது அப்பா கையெழுத்து. அவர் போய் ஆறு வருஷம் கழிச்சுப் போட்டது. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. உயிரோட இருக்கச்ச கோழி கிளறின மாதிரி போடுவார்."

தணிகாசலம் அன்புசெல்வனைப் பார்த்தான். அன்புசெல்வன் ஏசியைப் பார்த்தான்.

"நர்மதா நல்லாருக்காளா?" என்று கேட்டான் முரளி. "கம்பெனியில பர்மனென்ட் ஆகுதாமே. போலீஸ் வெரிஃபிகேஷன் வருதுன்னாங்க. நல்ல பொண்ணு. கையெழுத்தும் நல்லா இருக்கும்னு கேள்வி."

மிரட்டுகிற குரல் இல்லை. ஒரு குடும்ப நண்பர் விசாரிக்கும் குரல்தான்.

டீ வந்தது. தணிகாசலம் குடித்தான். சூடாக இருந்ததால் கொஞ்ச நேரம் ஆயிற்று. குடித்து முடித்துக் குவளையை வைக்கும்போது சட்டைப் பையிலிருந்த சாவியையும் பக்கத்தில் வைத்தான். ரங்கசாமி தூக்கிப் போட்ட அதே சாவி.

"செல்ஃப் எடுக்காது," என்றான். "தட்டணும்."

*

வெள்ளிக்கிழமை காலை ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆர்ச்சுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் சிமெண்டு மேடை. அதில் ஏற ஒரு சரிவு. ஆர்ச்சும் மேடையும் நின்ற இடம் தணிகாசலத்தின் முப்பது சென்ட். எங்கே மடை இருந்தது, எங்கே கிடை போட்டான் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். யாரும் கேட்கவில்லை.

துருவைத் தொடவே கூடாது என்று சொன்ன முரளி ஜீப்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தான். மிலிட்டரிப் பச்சை. கயிறு போய்க் கதவு வந்திருந்தது. 'தலைவர்' என்பதை மட்டும் புதிதாக எழுதியிருந்தார்கள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக்குகள் இரண்டு பேர் மாறி மாறிச் சாவியைத் திருகினார்கள். ஜீப்பு 'டிக்' என்றது; அதற்கு மேல் பேசவில்லை. முரளியின் மாமனார், சிறப்பு விருந்தினர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்புசெல்வன் ஓடிவந்து தணிகாசலத்தைக் கூட்டத்திலிருந்து இழுத்தான்.

"வாண்ணா. மானம் போவுது."

"யாரு மானம்?"

"அத்த அப்பறம் பாத்துக்கலாம். வா."

சின்னப்பொண்ணு அவன் சட்டையைப் பிடித்தாள். "போவாத. நிக்கட்டும் அப்டியே."

ஆனால் ஜீப்பு அத்தனை பேர் முன்னால் நொண்டிக்கொண்டு நிற்பதைத் தணிகாசலத்தால் பார்க்க முடியவில்லை. போனான். ஸ்பேனர் கேட்டு வாங்கினான். குனிந்து இரண்டு தட்டினான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எடுத்துக்கொண்டது. குட்டைக் கம்பியை இழுத்து, சரிவில் ஏற்றி, மேடையின் நட்டநடுவில் ஒரு சாண் பிசகாமல் நிறுத்தினான். கூட்டம் கைதட்டியது. அவன் இறங்குவதற்குள் மெக்கானிக்குகள் வந்து நாலு சக்கரத்தையும் இரும்புப் பட்டை போட்டு மேடையோடு முடுக்க ஆரம்பித்தார்கள்.

கறுப்புக் கல்லில் வெட்டியிருந்ததை ஒருவர் மைக்கில் படித்தார். 'ராணுவத்தில் சேவையாற்றி, பின் மக்கள் தலைவர் ப. ரங்கசாமி அவர்களின் திருக்கரங்களால் இயக்கப்பட்ட வாகனம். இரண்டாயிரத்துப் பதினைந்து பெருவெள்ளத்தில் தலைவர் தாமே இதை ஓட்டிச் சென்று நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தார்.'

ரங்கசாமிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வெள்ளம் வந்தபோது அவர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உயிரோடிருந்த காலத்தில் ஊருக்குச் செய்யாததையெல்லாம் அவர் செத்த பிறகுதான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்.

"தலைவரின் நீண்டநாள் ஓட்டுநர், நம் தணிகாசலம் அவர்களுக்குப் பொன்னாடை," என்றது மைக். முரளி போர்த்தினான். போட்டோ எடுத்தார்கள். சரிகைத் துண்டு கழுத்தில் அரித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் சின்னப்பொண்ணு கேட்டாள்: "தலைவரு ஓட்டினாராமே. பக்கத்துல ஆடு கீடு இருந்துதா?"

தணிகாசலம் துண்டை மடித்து அவளிடம் கொடுத்தான். மறுநாள் அதில் அவள் நெத்திலி காயவைத்தாள்.

*

ஈஸ்வரி பொன்னேரியிலிருந்து ஒரு மினி வண்டி பேசிக்கொண்டாள். தணிகாசலம் அதில் ஏற்றுக்கூலியாகப் போனான். கார்த்திகையில் மழை பிடித்த மூன்றாம் நாள், வண்டி கரையிலிருந்து முந்நூறடி வருவதற்குள் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எறா வண்டியிலேயே கிடந்தது. ஐஸ் கரைந்து டிரேயிலிருந்து சொட்டியது.

"கயிறு கீதாண்ணா? பெரிய கயிறு?"

"கீது," என்று சொல்லிவிட்டுத்தான் எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது. ஜீப்பின் டிரைவர் சீட்டுக்குக் கீழே இரும்புப் பெட்டியில். அவனே வாங்கிப் போட்ட நைலான் கயிறு. அவர்கள் சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பஸ் பிடித்துப் போனான். ஆர்ச்சுக்குக் கீழே புதிதாகக் கம்பு போட்டிருந்தார்கள். நீலச் சட்டையில் ஒரு செக்யூரிட்டி நாற்காலியிலிருந்து எழுந்தான். திருநின்றவூர்ப் பக்கத்து ஆள், ஊருக்குப் புதிது.

"ந்தா பெருசு, எங்க போற?"

தணிகாசலம் நடையின் வேகத்தைக் குறைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தலைவர் வண்டி."

"தலைவர் வண்டி உள்ள நிக்குது," என்றான் செக்யூரிட்டி. "நீ யாரு?"

தணிகாசலம் நின்றான். கம்புக்கு அந்தப் பக்கம், இருபதடியில், பச்சை ஜீப்பு மழையில் பளபளத்துக்கொண்டிருந்தது. முன் டயரில் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது.

"சீட்டுக்குக் கீய என் கயிறு ஒண்ணு கீது. எட்துக்கினு போயிடுறேன்."

"அதெல்லாம் ஆபீஸ்ல கேளு. உள்ள போறதுன்னா நோட்டுல எய்திட்டுப் போ. ஓனர் ஆர்டரு."

நீள நோட்டு. கோடு போட்டிருந்தது. பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள். தணிகாசலம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினான். பெயர்: தணிகாசலம். ஊர் எழுதினான். அடுத்த கட்டத்தில் 'வண்டி எண்' என்று இருந்தது. யோசிக்காமல் எழுதினான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நம்பர். பத்தொன்பது வருஷத்தில் அவன் பேரும் அந்த நம்பரும் ஒரே வரியில் வந்தது அன்றைக்குத்தான்.

செக்யூரிட்டி நோட்டைத் திருப்பிப் பார்த்தான். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். மறுபடி நோட்டைப் பார்த்தான்.

"நடந்துதான வந்த. இன்னாத்துக்கு வண்டி நம்பர் எய்தியிருக்க?"

தணிகாசலம் கம்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

"பேரு இருக்கட்டும். நம்பர அடிச்சுடு."

அடித்தான். ஒரு கோடு போதவில்லை. செக்யூரிட்டி இன்னொரு கோடும் போடச் சொன்னான்.